கவிதாவும் கணக்குப் பார்க்கட்டும்

திருச்சி

அன்புள்ள செந்திலுக்கு,

சித்தி எழுதுகிறேன். நேற்று இரவு போனில் கவிதாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினாய். மீதி நேரமெல்லாம் பணம்தான். திருமங்கலம் மனையை விற்றுவிடலாமா, நகையை அடகு வைக்கலாமா, இதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

மனையை இப்போது விற்காதே. எவ்வளவு தேவைப்படும் என்று தெரிவதற்கு முன்பே விற்க நின்றால், வாங்குகிறவன் உன் அவசரத்தைத்தான் விலை பேசுவான். அதைவிட முக்கியம், கவிதாவுக்குத் தெரியாமல் என்ற எண்ணத்தை இன்றோடு விட்டுவிடு. நோய் அவளுடையது, வீடு உங்கள் இருவருடையது. செலவைப் பற்றிய பேச்சிலிருந்து அவளைத் தள்ளிவைத்தால் அவளுக்கு நிம்மதி வராது. எவ்வளவு ஆகிறதோ, எங்கே கடன் வாங்குகிறானோ என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வாள். அந்தக் கணக்கு உண்மையைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

உன் சித்தப்பா விஷயத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். 2005-இல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. க்ரானிக் மைலாய்டு லுக்கேமியா என்ற வகை. இமாட்டினிப் என்று ஒரு மாத்திரை, தினமும் 400 மில்லி கிராம், ஒரு நாளும் விடக்கூடாது. வெளிநாட்டு நிறுவனத்தின் க்ளீவெக் மாதத்துக்கு 1,20,000 ரூபாய். அதே மருந்தை நம் நாட்டு நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நாங்கள் வாங்கியது உள்நாட்டு மாத்திரைதான். ஆனாலும் அது என் ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பகுதி. அவர் பில்லைப் பார்த்தார், பையனின் காலேஜ் ஃபீஸை நினைத்தார், யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட ஆரம்பித்துவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரண்டு பேரும் உட்கார்ந்து வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒன்றாக எழுதினோம். பணம் இருக்கிறது என்று அவர் தன் கண்ணால் பார்த்த பிறகு ஒரு மாத்திரையைக்கூட விட்டதில்லை. இன்றுவரை இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் வீட்டுப் பெண்கள் இதில் ஆண்களைவிட மோசம். ‘எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு’ என்ற வார்த்தை அவர்கள் வாயில் தயாராக இருக்கும். காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டார்கள், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு என்று. வாந்தி மாத்திரையை மிச்சம் பிடிப்பார்கள். கவிதா அப்படிப்பட்டவள்தான். உன் தங்கை கல்யாணத்தில் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். பணக்கணக்கை அவள் முன்னால் திறந்து வைப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு நீள நோட்டு வாங்கு. இடது பக்கம் உடம்பு: தேதி, எத்தனையாவது கீமோ, காய்ச்சல் அளவு, சாப்பாடு, வாந்தி, வலி. வலது பக்கம் பணம்: அன்றைய செலவு, எங்கிருந்து கொடுத்தது, பில் எண், காப்பீட்டில் வரவேண்டியது. இடது பக்கத்தைக் கவிதா எழுதட்டும், வலது பக்கத்தை நீ எழுது. ஒருவர் எழுதியதை மற்றவர் படியுங்கள். டாக்டர் அறைக்குள் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் மார்பகப் புற்றுநோய் என்று வந்தால் மட்டும் போதாது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பரிசோதனைகளின் முடிவும் வர வேண்டும். வைத்தியத்தின் பாதையையும் செலவையும் இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. ஹெர்-2 முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் ஃபிஷ் என்று இன்னொரு பரிசோதனை கேட்பார்கள், அதைத் தவிர்க்காதே. ஹெர்-2 இருந்தால் ட்ராஸ்டுஜுமாப் என்ற ஊசியை வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு வருடம் போடுவார்கள். இல்லையென்றால் அந்தச் செலவே கிடையாது. ஈ.ஆர். இருந்தால் கீமோ முடிந்த பிறகு ஐந்து வருடமோ அதற்கு மேலோ மாத்திரை. அதன் விலை குறைவு, ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. இந்த மூன்றும் தெரியாமல் ‘மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்று யார் சொன்னாலும் அது வெறும் ஊகம்.

ரிப்போர்ட் முழுதாக வந்ததும் டாக்டரிடம் திட்டத்தை எழுத்தில் கேள். எந்த மருந்து, எத்தனை சுற்று, ஆபரேஷன் முன்னாலா பின்னாலா, கதிர்வீச்சு எத்தனை நாள், நடுவில் என்னென்ன ஸ்கேன். ஒரு கீமோவின் செலவை மட்டும் கேட்டுவிட்டுச் சமாதானம் ஆகாதே, முழுப் பாதையின் செலவையும் கேள். பில்லிங் கவுன்டரில் அல்ல, டாக்டரிடமே ‘இதே பலன் தரும் விலை குறைந்த வழி இருக்கிறதா’ என்று நேராகக் கேட்கலாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபப்படமாட்டார். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் ரிப்போர்ட்டோடு மெழுகு ப்ளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள். வைத்தியத்தை எத்தனை நாள் தள்ளலாம் என்பதையும் முதல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போ.

கீமோ தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. வெட்கத்தால் நீ விட்டுவிடுவாய் என்று நினைத்து நானே சொல்கிறேன். கவிதாவுக்கு 34 வயது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், கருமுட்டையையோ கருவையோ உறைய வைத்துச் சேமிப்பதைப் பற்றி முதல் கீமோவுக்கு முன்னால்தான் கேட்க முடியும். கீமோ கருப்பையையல்ல, சினைப்பையைப் பாதிக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது நீங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவாக இருக்கட்டும். இந்த வயதில் வந்ததால் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை தேவையா என்றும் கேள். அவளுடைய தங்கைக்கும் அது உதவும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதுதான் நீ எடுக்கப்போகும் மிகப் பெரிய பண முடிவு. கண்ணாடிக் கட்டடத்தில்தான் நல்ல வைத்தியம் என்று எண்ணிவிடாதே. மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட், இல்லாதவர்களுக்கும் அதே தரத்தில் வைத்தியம் என்ற உறுதியோடுதான் வளர்ந்தது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். உங்கள் மதுரையிலேயே பாலரெங்காபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. அங்கெல்லாம் கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அதற்கு உன்னால் முடியுமா, கவிதாவின் உடம்புக்கு முடியுமா என்று பார். கதிர்வீச்சை நினைத்து முடிவெடு. அது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் அல்லது அதற்கு மேல் தினமும் போக வேண்டிய வைத்தியம். சென்னையில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, ஹோட்டலில் சாப்பிட்டு, ஆட்டோவில் போய்வந்தால் ஆகும் செலவைக் காப்பீடு தராது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அது கிடைத்தால் பணமும் மிச்சம், அவள் தன் கட்டிலில் படுக்கலாம்.

இப்போது காப்பீடு. உன் கம்பெனியின் குரூப் பாலிசி உன் சம்பள ரசீதைவிட மதிப்புள்ளது. வேலை இருக்கும்வரைதான் அது இருக்கும். கவிதாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாயே, அந்தப் பேச்சை எடுக்காதே. ஹெச்.ஆரிடம் உண்மையைச் சொல்லி, கீமோ நாட்களுக்கு விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட் மாற்றம் எது முடியுமோ கேள். பாலிசியின் முழு நகலை வாங்கி அறை வாடகை வரம்பைப் பார். ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது நீ 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகையில் மட்டும் 5,000 கையை விட்டுப் போகும் என்று நினைக்காதே. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டிவிடுவார்கள். ஆபரேஷனுக்குச் சேர்க்கும் அன்று சொந்தக்காரர்கள் ‘நல்ல ரூமா எடு’ என்பார்கள். வரம்புக்குள் இருக்கும் அறையை எடு.

கீமோவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினாலும் டே-கேர் என்று பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். மாத்திரையாக வரும் மருந்துக்கும் சில புதிய ஊசிகளுக்கும் தனி வரம்பு இருக்கலாம், முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கு. பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவு போட்டிருக்கிறது. இழுத்தடித்தால் இதைச் சொல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுது. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முதல் மறுப்போடு பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போகும்போது நான் அடிக்கடி பார்ப்பது அது.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உன் சம்பளத்துக்குக் கிடைக்காது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகச் சொல். சம்பளம் குறைந்த கம்பெனியில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியே நோயாளி என்றால், தகுதியான காலம் வேலை பார்த்திருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்கும். பலர் இதைக் கேட்காமலே வேலையை விட்டு நிற்கிறார்கள்.

மருந்து விலையில் சண்டை போட்டு ஜெயித்த நாடு இது. சித்தப்பாவின் மாத்திரைக்கு வெளிநாட்டு நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு நடந்து 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். கவிதாவுக்கு ட்ராஸ்டுஜுமாப் தேவைப்பட்டால், அதையும் 2014 முதல் இந்திய நிறுவனம் தயாரிக்கிறது, அசல் பிராண்டைவிட விலை குறைவு. மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லி, எந்தெந்த நிறுவனத்தினுடையது நம்பகமானது என்று டாக்டரிடமே கேள். 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு 2019-இல் வரம்பு வைத்தது. ஜிப்மர் போன்ற இடங்களில் இருக்கும் அம்ரித் மருந்தகத்தில் விலையை விசாரி. வெளியிலிருந்து வாங்கிவர ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டால் ஒன்றில் கவனமாக இரு. ட்ராஸ்டுஜுமாப் போன்ற ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும். பஸ் ஜன்னலோரம் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த மருந்தை நம்ப முடியாது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பேங்கில் நகைக்கடன் வாங்கு, கவிதாவோடு சேர்ந்து போய் வாங்கு. பி.எஃப். பணத்திலிருந்து மருத்துவக் காரணத்துக்கு எடுக்க வழியுண்டு. கந்துவட்டிக்காரனை வாசலில் ஏற்றாதே. 2003-இலேயே அதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்த மாநிலம் இது, அவ்வளவு குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. சொந்தக்காரர்கள் கொடுப்பதை மறுக்காமல் வாங்கு, மொய் நோட்டுப் போல யார், எவ்வளவு என்று எழுதி வை. இணையத்தில் நிதி திரட்டலாம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். தேவைப்பட்டால் செய். ஆனால் தலைமுடி இல்லாமல் படுத்திருக்கும் கவிதாவின் படத்தை அவள் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது. அந்தப் படம் அவள் குணமாகி ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போன பிறகும் பிள்ளைகளின் போனில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சின்னச் சின்ன மிச்சங்களையும் விடாதே. வேலூருக்கோ சென்னைக்கோ காட்டப் போனால், டாக்டர் கையெழுத்திட்ட படிவம் கொடுத்தால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். பழைய வருமான வரி முறையில் இருந்தால், புற்றுநோய் வைத்தியச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. காப்பீட்டில் திரும்ப வந்ததைக் கழித்துக்கொண்டு காட்ட வேண்டும், சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும். உன் ஆடிட்டரிடம் கேள்.

பணத்தை விட்டு உடம்புக்கு வருகிறேன். ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கு. கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மாத்திரை கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதே. மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், தொற்று உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், உயிருக்கே ஆபத்தாகும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக ‘கீமோ நோயாளி, இன்று இத்தனையாவது நாள்’ என்று சொல். இந்த ஒரு பத்தியை மட்டும் கிழித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாலும் சரி.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து போட்டால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயந்துவிடாதீர்கள். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகல்ல, டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே கொடு. தாளிக்கிற வாசனை அவளுக்கு ஆகாமல் போகலாம். கதவைச் சாத்திக்கொண்டு சமை, ஆறவைத்துக் கொடு. இட்லி, ரசம் சாதம், நன்றாக வெந்த எதுவானாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமாக. வாய்ப்புண் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து கொப்பளிக்கட்டும். முள்சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். அவர்கள் அன்பைப் பெற்றுக்கொள், கஷாயத்தை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதே. கீமோ மருந்தோடு சேர்ந்து ஈரலைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு.

முதல் கீமோ போட்டு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். தினமும் பூ வைத்த தலை அது. முன்னாலேயே வெட்டிக்கொள்வதா, ஸ்கார்ஃப் கட்டுவதா, விக் வைப்பதா என்பதை அவளே சொல்லட்டும். ‘முடிதானே, வளர்ந்துடும்’ என்று ஆறுதல் சொல்லாதே. அவள் அழுதால் பக்கத்தில் உட்கார். பாப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் புற்றுநோய், தொட்டால் ஒட்டாது, பாப்பா செய்த எதனாலும் வந்ததில்லை என்று. ஆறு வயதுக் குழந்தைக்கு அது போதும்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது பக்கத்தில் ட்ரெய்ன் குழாய் தொங்கும். அதில் சேரும் நீரைத் தினமும் அளந்து எழுத வேண்டும், காலி செய்ய வேண்டும். கட்டு மாற்றும்போது தழும்பைப் பார்க்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் உன் மாமியாரிடம் விட்டுவிட்டு நீ மருந்துக் கடைக்கும் பில் கவுன்டருக்கும் மட்டும் ஓடிக்கொண்டிருக்காதே. நம் ஆண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பிரியம் இல்லாமல் இல்லை, பார்க்கத் தைரியம் இல்லாமல். நர்ஸிடம் கற்றுக்கொள், ஒரு நாள் பார்த்தால் வந்துவிடும். உன் கண் அந்தத் தழும்பிலிருந்து விலகுகிறதா என்று அவள் கவனித்துக்கொண்டே இருப்பாள்.

ஹெர்-2 முடிவு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. பாலிசி நகலையும் அனுப்பு, அறை வாடகை வரம்பை நானும் பார்க்கிறேன். இரண்டாவது கீமோவுக்கு மதுரைக்கு வந்து ஒரு மாதம் தங்கப்போகிறேன். பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பும் வேலை என்னுடையது. சித்தப்பா திருச்சியில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நீ படித்து முடித்ததும் இதைக் கவிதாவிடம் கொடு. அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராக எனக்கே போன் செய்யட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
சித்தி